விளி கொள்ளும் பெயர்கள்: விரைவு அழைப்பின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

கைபேசியின் முகவரிப் பட்டியலில் ஒருவர் பெயரைத் திறந்து, ஓரத்தில் இருக்கிற நட்சத்திரத்தைத் தட்டிவிட்டால் போதும். அவர் 'பிடித்தவர்கள்' வரிசைக்கு ஏறிவிடுவார். பிறகு எண் வேண்டாம், தேடல் வேண்டாம், ஒரே தட்டு. ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் கொஞ்சம் முன்னே பின்னே இதே கதைதான். பொத்தான் வைத்த கைபேசிகளில் 2இலிருந்து 9 வரை ஏதாவது ஒன்றை அமுக்கிப் பிடித்தால் அந்தப் பொத்தானுக்கு ஒதுக்கிய ஆளுக்கு மணியடிக்கும். (1 பெரும்பாலும் குரலஞ்சலுக்குப் போய்விட்டது.) இதையெல்லாம் அமைத்து முடிக்க அரை நிமிஷம் ஆகாது. ஒரு வசதி, அவ்வளவுதானே என்று தோன்றும். 

'வசதி' என்ற சொல் வந்தாலே கொஞ்சம் உஷாராக இருப்பது நல்லது. ஓர் ஏற்பாட்டுக்குப் பின்னால் இருக்கும் உழைப்பையும் சண்டையையும் துடைத்துவிட்டு, அது தானாகவே அப்படி அமைந்துவிட்டதுபோல் காட்டுகிற சொல் அது. யாரை உடனே கூப்பிட முடியும், யார் காத்திருக்க வேண்டும், இதைத் தீர்மானிப்பது யார்? தொலைபேசி வந்த நாளிலிருந்து இந்தக் கேள்விகள் ஓயவில்லை. நட்சத்திரக் குறி அவற்றுக்குக் கிடைத்திருக்கும் இப்போதைய பதில்.

தமிழ் படித்தவர்களுக்கு இந்தப் பிரச்சினை ஒன்றும் புதிதில்லை. எட்டாம் வேற்றுமையாகிய விளிக்கென்று தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் 'விளிமரபு' என்று ஒரு தனி இயலே இருக்கிறது. எந்தப் பெயர் விளி கொள்ளும், எது கொள்ளாது, கொள்ளும்போது ஈறு எப்படித் திரியும் என்று அது வகுத்துச் சொல்கிறது. எல்லாப் பெயரையும் கூப்பிட்டுவிட முடியாது என்பது இலக்கணத்துக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. அல்தூஸர் 1970இல் வெளியான தனது கருத்தியல் பற்றிய கட்டுரையில், தெருவில் போகிறவனைப் போலீஸ்காரன் 'ஏய்' என்று கூப்பிட, இவன் திரும்பிப் பார்க்கிறானே, அந்தத் திரும்பலில்தான் 'தன்னிலை' உருவாகிறது என்றார். கூப்பிடுகிறவனையும் திரும்புகிறவனையும் பற்றிப் பேசிய அல்தூஸர், இருவருக்கும் நடுவில் நிற்கிற ஆளைப் பற்றிப் பேசவில்லை. தெருவில் அப்படி ஒருவர் தேவையில்லை. தொலைபேசியில் தேவைப்பட்டது. அந்த நடு ஆள் எப்படி வந்தார், எப்படி வெளியேற்றப்பட்டார், அவரிடம் இருந்த நினைவு எங்கே போயிற்று என்பதுதான் விரைவு அழைப்பின் வரலாறு.

2

தொடக்கத்தில் எண்ணே கிடையாது. 1878 ஜனவரியில் அமெரிக்காவின் நியூஹேவன் நகரில் முதல் வணிகத் தொலைபேசி எக்ஸ்சேஞ்சு திறந்தது. அடுத்த மாதம் அது வெளியிட்ட 'டைரக்டரி' ஒற்றைத் தாள்தான். சுமார் ஐம்பது சந்தாதாரர்களின் பெயர்கள் இருந்தன, எண்கள் இல்லை. கருவியை எடுத்து 'இன்னாரைக் கொடுங்க' என்றால், எக்ஸ்சேஞ்சில் இருப்பவர் கொடுப்பார். எந்தப் பெயருக்கு எந்தத் துளை என்பது அவர் தலைக்குள் இருந்தது. ஆக, இன்று நட்சத்திரத்தைத் தட்டிப் பெறுகிற வேகம் தொலைபேசியின் முதல் நாளிலேயே இருந்தது. அதைச் செய்தது கருவி இல்லை, கூலிக்கு அமர்த்தப்பட்ட ஒரு மனித ஞாபகம்.

முதலில் இந்த வேலைக்குப் பையன்களை வைத்தார்கள். அவர்கள் சந்தாதாரர்களை எதிர்த்துப் பேசினார்கள், கேலி பண்ணினார்கள். 1878 செப்டம்பரில் பாஸ்டனில் எம்மா நட் என்ற பெண் சேர்க்கப்பட்டார். உலகின் முதல் பெண் தொலைபேசி ஆபரேட்டர் என்று அவரைச் சொல்கிறார்கள். பெண் குரல் இதமானது, பெண் பொறுமைசாலி என்றெல்லாம் விளக்கம் கொடுக்கப்பட்டது. சம்பளம் குறைவு என்பதும் ஒரு விளக்கம்தான், அதை அவ்வளவு சத்தமாகச் சொல்லவில்லை.

எண் வந்த கதை 1879இல், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லோவல் நகரில் நடக்கிறது. ஊரில் தட்டம்மை பரவுகிறது. அங்கே இருந்த ஆபரேட்டர்கள் நாலே பேர், சந்தாதாரர்கள் இருநூறுக்கு மேல். மோசஸ் கிரீலி பார்க்கர் என்ற மருத்துவருக்குக் கவலை வந்தது: நாலு பேரும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டால், பெயரெல்லாம் தெரிந்த ஆளுக்கு எங்கே போவது? பெயருக்குப் பதில் எண் கொடுத்துவிட்டால் புதிதாக வருகிற யாரும் உடனே வேலை பார்க்கலாம் என்று அவர் யோசனை சொன்னார். அப்படித்தான் நமக்கு எண் வந்து சேர்ந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சந்தாதாரரின் வசதியை யோசித்து எண் கண்டுபிடிக்கப்படவில்லை. தொழிலாளி விழுந்தாலும் வேலை விழக்கூடாது என்பதற்காக அது கண்டுபிடிக்கப்பட்டது. ஆபரேட்டரின் ஞாபகத்தில் இருந்த ஊர் அவளிடமிருந்து பிடுங்கப்பட்டு தாளுக்கு மாற்றப்பட்டது. அதற்குப் பிறகு அவள் இடத்தில் யாரையும் உட்கார வைக்கலாம். பட்டியல் என்பது சும்மா ஒரு நினைவுக் குறிப்பல்ல, எழுத்து வந்த பிறகு சாத்தியமான ஒரு சிந்தனை முறை என்று ஜாக் கூடி 1977இல் எழுதினார். தொலைபேசிப் பட்டியலைப் பொறுத்தவரை இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளலாம்: அது ஆளை மாற்றிப்போட வழிசெய்கிற முறை.

3

அடுத்த கட்டம் ஆளையே எடுத்துவிடுவது. கான்சஸ் சிட்டியில் சவ அடக்கத் தொழில் செய்துவந்த ஆல்மன் ஸ்ட்ரோஜர் 1891 மார்ச்சில் தானியங்கி இணைப்புக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். போட்டிக் கடைக்காரரின் மனைவி எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தாள், இவருக்கு வரவேண்டிய சாவு வீட்டு அழைப்புகளைத் தன் புருஷன் கடைக்கே திருப்பிவிட்டாள், அந்த ஆத்திரத்தில்தான் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. உண்மையோ இல்லையோ, அந்தக் கதை இவ்வளவு நாள் உயிரோடு இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. நடுவில் இருக்கிற பெண்ணை நம்ப முடியாது என்கிற ஆண் பயத்துக்கு அது வடிவம் கொடுக்கிறது. 1892 நவம்பரில் இந்தியானா மாநிலத்தின் லா போர்ட் நகரில் முதல் தானியங்கி எக்ஸ்சேஞ்சு திறந்தது. பெண் இல்லாத, காத்திருப்பு இல்லாத தொலைபேசி என்ற பெருமையோடுதான் அது விற்கப்பட்டது.

எண் வட்டைச் சுழற்றும் வேலை இப்போது யாருடையது? சந்தாதாரருடையது. சம்பளத்துக்கு ஒருத்தி பார்த்த வேலையைக் காசு கொடுத்துவிட்டு நாமே பார்க்க ஆரம்பித்தோம், அதற்குச் 'சுதந்திரம்' என்று பெயர் வைத்தோம். பெல் நிறுவனம் மட்டும் ரொம்ப காலம் தானியங்கிக்கு இறங்கி வரவில்லை. குறைந்த கூலிக்குப் பெண்கள் கிடைக்கும்வரை எந்திரத்துக்கு என்ன அவசரம்?

1919 ஏப்ரலில் நியூ இங்கிலாந்து பகுதியில் ஜூலியா ஓகானர் தலைமையில் ஆயிரக்கணக்கான பெண் ஆபரேட்டர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆறு நாள் தொலைபேசி ஊமையாகிப்போனது. கடைசியில் கூலி உயர்வு கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் வர்ஜீனியாவின் நார்ஃபோக் நகரில் பெல் தனது அமைப்புக்குள் பெரிய அளவில் எண் சுழற்றும் முறையைக் கொண்டுவந்தது. ஒன்றுக்கு மற்றதுதான் காரணம் என்று நேர்க்கோடு போடத் தேவையில்லை. அந்தத் திட்டம் வேலைநிறுத்தத்துக்கு முன்பே பேசப்பட்டு வந்தது. ஆனால் ஆறு நாள் ஊமைத்தனத்தை முதலாளிகள் மறந்திருப்பார்கள் என்று நம்பவும் தேவையில்லை.

வீனஸ் கிரீன் 2001இல் வெளியிட்ட தனது ஆய்வு நூலில் இந்த வரலாற்றின் இன்னொரு பக்கத்தைத் திறக்கிறார். கறுப்பினப் பெண்களை பெல் நிறுவனம் ஆபரேட்டர் நாற்காலியில் பல பத்தாண்டுகள் உட்காரவே விடவில்லை. 1940களில் போராட்டங்களின் விளைவாகக் கதவு திறந்தது. நகரங்களில் அவர்கள் பெருந்திரளாக வேலைக்கு வந்து சேர்ந்தபோது அந்த வேலையே எந்திரத்தால் தின்னப்பட்டு, மதிப்பிழந்து, காலியாகிக்கொண்டிருந்தது. கடைசியில் வந்தவளுக்குத்தான் காலி நாற்காலி. நம்மூரில் எந்தெந்த வேலைகளில் இது நடந்தது என்று வாசகர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

4

நடுவில் ஆள் வேண்டாம் என்ற ஆசை முதலாளிகளுக்கு மட்டுமே சொந்தமில்லை. புரட்சிக்குப் பிந்திய மாஸ்கோவில், 1920களின் தொடக்கத்தில், க்ரெம்ளினுக்கென்று தானியங்கி எக்ஸ்சேஞ்சு அமைக்கப்பட்டது. ஆபரேட்டர் ஒட்டுக்கேட்க முடியாதபடி தலைவர்கள் தங்களுக்குள் நேராகப் பேசிக்கொள்ளலாம். சுழல் வட்டு வைத்த அந்தக் கருவிக்கு 'வெர்துஷ்கா' என்று பெயர் வந்தது. அதிகாரப் படிநிலையில் ஒருவர் எங்கே இருக்கிறார் என்பதை அவர் மேசையில் வெர்துஷ்கா இருக்கிறதா இல்லையா என்று பார்த்தே சொல்லிவிடலாம் என்கிற நிலை சோவியத் காலம் முழுக்க நீடித்தது. ஸ்டாலினிடம் செயலாளராக இருந்து 1928இல் நாட்டைவிட்டு ஓடிய பஷானோவ், அந்த இணைப்புகளை ஸ்டாலின் தனிக் கருவி வைத்துக் கேட்டார் என்று எழுதினார். எதிரியாகிப்போனவரின் சாட்சியம் என்று அதைத் தள்ளிவைத்தாலும் ஒரு விஷயம் மிஞ்சுகிறது. ஆபரேட்டரை வெளியேற்றினால் ஒட்டுக்கேட்பவர் வெளியேறிவிடுவதில்லை. கண்ணுக்குத் தெரிகிற காது போய், தெரியாத காது வரலாம்.

5

எண்கள் நீண்டுகொண்டே போயின. அமெரிக்காவில் எக்ஸ்சேஞ்சுப் பெயரின் முதல் எழுத்துகளோடு சேர்த்து எண்ணைச் சொல்லும் வழக்கம் இருந்தது. அதை ஒழித்து முழுக்க எண்களாக்கும் முயற்சிக்கு எதிராக 1962இல் சான் பிரான்சிஸ்கோவில் ஓர் இயக்கமே கிளம்பியது. 'இலக்கச் சுழற்சி எதிர்ப்புச் சங்கம்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். மனிதர்களை எண்களாக்காதே என்றார்கள். அதை ஆதரித்தவர்களில் மொழியியல் அறிஞர் எஸ்.ஐ. ஹயகாவாவும் ஒருவர். இதே ஹயகாவா 1968 டிசம்பரில், சான் பிரான்சிஸ்கோ அரசுக் கல்லூரியின் தற்காலிகத் தலைவராக இருந்தபோது, கறுப்பின மாணவர்களும் பிற சிறுபான்மை மாணவர்களும் நடத்திய வேலைநிறுத்தத்தில் புகுந்து, வண்டியின் மேலேறி, ஒலிபெருக்கியின் ஒயரைப் பிடுங்கி எறிந்தார். எக்ஸ்சேஞ்சின் பெயருக்காக உருகியவர் மாணவர்களின் குரலை அறுத்தார். மனிதநேயம் எங்கே தொடங்கி எங்கே நின்றுவிடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

எண்கள் நீண்டன, ஞாபகம் திணறியது. இதற்கான பதிலும் கம்பெனியிடமிருந்தே வந்தது. 1965 மே மாதம் நியூஜெர்சியின் சக்கசன்னா என்ற சிற்றூரில் பெல் தனது முதல் பெரிய மின்னணு எக்ஸ்சேஞ்சைத் திறந்தது. எந்திரத்துக்கு இப்போது ஞாபகம் வந்துவிட்டது. அடிக்கடி கூப்பிடுகிற எண்களைச் சந்தாதாரர் அதற்குச் சொல்லிவைத்தால், பிறகு ஓரிரு இலக்கங்களைப் போட்டாலே போதும், முழு எண்ணையும் எந்திரமே போட்டுக்கொள்ளும். இதுதான் விரைவு அழைப்பு. இதற்குத் தனிக் கட்டணம்.

வட்டம் முழுமையாகிவிட்டதைக் கவனியுங்கள். முதலில் ஞாபகம் ஆபரேட்டரிடம் இருந்தது. அதைத் தாளுக்கு மாற்றி அவளை மாற்றத்தக்கவளாக்கினார்கள். பிறகு அவளை நீக்கி ஞாபகச் சுமையை நம் தலையில் வைத்தார்கள். கடைசியில் அந்தச் சுமையை இறக்கிவைக்க நம்மிடமே காசு வாங்கினார்கள்.

'பிடித்தவர்கள்' என்ற கருத்து வியாபாரமாவதற்கு அதிக நாள் பிடிக்கவில்லை. 1991இல் அமெரிக்காவில் எம்.சி.ஐ. என்ற நெடுந்தொலைவு அழைப்பு நிறுவனம் 'நண்பர்களும் குடும்பமும்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. நீங்கள் அடிக்கடி பேசும் ஆட்களின் பட்டியலைக் கொடுங்கள், அவர்களும் எங்கள் சந்தாதாரர் ஆனால் அந்த அழைப்புகளுக்கு 20 சதவீதம் தள்ளுபடி என்றது. பட்டியலில் இருந்தவர்களைக் கம்பெனியே தேடிப்போய் ஆள் பிடித்தது. பாசத்தைக் காட்டிக்கொடுக்கத் தள்ளுபடி! 2006இல் டி-மொபைல் ஐந்து முகங்களைத் திரையில் வட்டமாக வைத்து, அவர்களோடு எவ்வளவு வேண்டுமானாலும் பேசிக்கொள் என்றது. ஐந்து பேர்தான். ஆறாவது ஆள் வந்தால் ஒருவர் இறங்க வேண்டும். யார் நமக்கு நெருக்கம் என்பதை நாம் யோசிக்கிற முறைக்குள் கட்டணச் சீட்டு இப்படித்தான் நுழைந்தது.

6

இந்தியாவில் இந்த வரிசை அப்படியே நடக்கவில்லை. 1991இல் இங்கே நூறு பேருக்கு ஒரு தொலைபேசிகூடக் கிடையாது. கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே 1960இல் எஸ்.டி.டி. வந்துவிட்டாலும், பெரும்பாலான ஊர்களுக்குப் பல்லாண்டுகள் டிரங்கால்தான். புக் பண்ணிவிட்டுக் காத்திருக்க வேண்டும். சாதாரணம், அவசரம், 'லைட்னிங்' என்று வேகத்துக்கு வகைகள் இருந்தன. காசு கூடினால் காத்திருப்பு குறையும். குறிப்பிட்ட ஆளிடம் மட்டும் பேச வேண்டுமென்றால் பி.பி. கால்.

அந்தப் பி.பி. என்ற எழுத்துகள் இங்கே இன்னொரு வாழ்க்கையும் வாழ்ந்தன. விசிட்டிங் கார்டிலும் கல்யாணப் பத்திரிகையிலும் ஓர் எண்ணைப் போட்டுப் பக்கத்தில் பி.பி. என்று போட்டால், அது பக்கத்து வீட்டு எண் என்று அர்த்தம். யாராவது கூப்பிட்டால் அந்த வீட்டுப் பிள்ளை ஓடிவந்து 'உங்களுக்கு போன்' என்று சொல்லும். ஆபரேட்டர் வேலை தெருவுக்கே பகிர்ந்தளிக்கப்பட்டிருந்தது. இதை அந்நியோன்யம் என்று கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். போன் இருந்த வீடு எந்தத் தெருவில் இருந்தது, அங்கிருந்து எந்தத் தெருவுக்குப் பிள்ளையை அனுப்புவார்கள், எந்தத் தெருவுக்கு அனுப்ப மாட்டார்கள் என்ற கேள்வியையும் கூடவே கேட்க வேண்டும். சேரிக்கு யார் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பார்கள்?

அதனால்தான் கைபேசி வந்ததை வெறும் நுகர்வு வெறி என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த அமைச்சர் சுக்ராமை அழைத்ததுதான் நாட்டின் முதல் கைபேசி அழைப்பு. 2003 வரை வருகிற அழைப்புக்கும் காசு கொடுக்க வேண்டியிருந்தது. கூப்பிடப்படுவதே செலவு. அது போன பிறகுதான் கைபேசி உழைக்கும் மக்கள் கைக்குப் பரவலாக வந்தது. அங்கே விரைவு அழைப்பின் பொருளே மாறிப்போயிற்று. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கு, '2ஐ அமுக்குனா பெரியவன், 3ஐ அமுக்குனா மக, 4 மருந்துக்கடை' என்று பேரன் அமைத்துக்கொடுக்கிறான். திருப்பூரிலும் சென்னையிலும் கட்டட வேலைக்கும் பனியன் வேலைக்கும் போன பிள்ளைகளோடு அந்த அம்மாவை இணைத்தது அந்த மூன்று பொத்தான்கள்தான். அமெரிக்க மேலாளருக்காகச் செய்யப்பட்ட வசதி, எழுத்து மறுக்கப்பட்டவளிடம் வந்து எழுத்துக்கே மாற்றாகிறது. அகர வரிசையை அவள் தாண்டிக் குதித்துவிட்டாள். பேரன் ஊருக்குப் போய்விட்டால் பொத்தானுக்கு ஆள் மாற்ற முடியாது என்பது வேறு விஷயம். ஆபரேட்டர் முழுசாக ஒழியவில்லை, குடும்பத்துக்குள் குடிவந்திருக்கிறார்.

குடும்பத்துக்குள் என்றால் குடும்ப அதிகாரத்துக்குள் என்றும்தான் பொருள். குஜராத்தின் மெஹ்சானா மாவட்டத்தில் சூரஜ் என்ற கிராமம் 2016இல் கல்யாணமாகாத பெண்கள் கைபேசி வைத்திருக்கத் தடை போட்டது, மீறினால் 2,100 ரூபாய் அபராதம் என்றது. இங்கே அப்படி எழுதி ஒட்ட வேண்டிய அவசியம் இல்லை. அண்ணனும் அப்பாவும் போனை வாங்கிப் பார்த்தாலே போதும். காதலன் பெயர் தோழி பெயரில் பதிவாவது எல்லோருக்கும் தெரிந்த தந்திரம். சாதி தாண்டிய காதலில் அந்தத் தந்திரம் உயிர் காக்கிற விஷயம். தனக்குப் பிடித்தவன் பெயருக்கு அவளால் நட்சத்திரம் போட முடியாது. போட்டால் அது வீட்டுக்குக் கிடைக்கும் முதல் சாட்சியம்.

அரசும் இந்தப் பொத்தான்களைக் கவனித்தது. 2016இல் போடப்பட்ட விதிப்படி, 2017 ஜனவரியிலிருந்து இந்தியாவில் விற்கும் சாதாரணக் கைபேசிகளில் 5 அல்லது 9ஐ அமுக்கிப் பிடித்தால் அவசர உதவிக்கு அழைப்பு போக வேண்டும். ஸ்மார்ட்போனில் அணைப்புப் பொத்தானை மூன்று முறை அமுக்க வேண்டும். பெண்களின் பாதுகாப்பு என்பது சொல்லப்பட்ட காரணம், நியாயமான காரணம். ஆனால் நமக்கு வேண்டியவர்களுக்கென்று இருந்த எட்டுப் பொத்தான்களில் ஒன்றில் அரசு வந்து உட்கார்ந்தது. அதை அமுக்கினால் எடுக்கிற கை, போலீஸ்காரன் கை. 'ஏய்' என்று கூப்பிடுகிறவனையே நாம் கூப்பிட வேண்டும் என்று ஏற்பாடு. எந்தத் தெருப் பெண் தயங்காமல் அதை அமுக்குவாள், எந்தத் தெருப் பெண் தயங்குவாள் என்பதை எந்த விதியும் கேட்பதில்லை.

7

நட்சத்திரம் இப்போது ஒரு வாசற்கதவும் ஆகிவிட்டது. 2012இல் ஐபோனில் 'தொந்தரவு செய்யாதே' என்ற ஏற்பாடு வந்தபோது, ராத்திரியில் யார் அழைப்பு உள்ளே வரலாம் என்பதற்குப் 'பிடித்தவர்கள்' ஒரு தேர்வாக வைக்கப்பட்டது. பட்டியலில் இருப்பவரின் மணி கேட்கும், இல்லாதவரின் மணி அடிப்பதே நமக்குத் தெரியாது. தூக்கம் எல்லோருக்கும் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஓர் இயக்கத்தில் இருப்பவர், வழக்குரைஞர், சங்கத் தோழர் இந்தப் பட்டியலை எப்படிப் போடுகிறார் என்பது அரசியல் கேள்விதான். கைதாகிறவன் பெரும்பாலும் ராத்திரியில்தான் கைதாகிறான். அவன் பெண்டாட்டியின் எண் நம் பட்டியலில் இருக்காது.

நாம் போடும் பட்டியல் ஒன்று. நமக்காகப் போடப்படும் பட்டியல் இன்னொன்று. 2013 ஜூனில் ஸ்நோடன் மூலம் வெளியான ஆவணத்தில், வெரைசன் சந்தாதாரர்களின் அழைப்பு விவரங்களை நாள்தோறும் அமெரிக்க உளவு நிறுவனத்துக்குக் கொடுக்க நீதிமன்ற உத்தரவு இருந்தது தெரியவந்தது. பேச்சு வேண்டாம், யார் யாரை எப்போது எவ்வளவு நேரம் அழைத்தார்கள் என்பது போதும். இந்தியாவில் அழைப்பு விவரங்களைக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு உத்தரவானது. நாம் நட்சத்திரம் போட்டாலும் போடாவிட்டாலும் நமக்கு யார் வேண்டியவர் என்ற பட்டியல் வேறோரிடத்தில் தயாராகிக்கொண்டுதான் இருக்கிறது. அன்றைய ஆபரேட்டருக்கு ஊரில் யார் யாரோடு பேசுகிறார்கள் என்று தெரியும், ஊருக்கும் அவளைத் தெரியும். இன்று நம்மைத் தெரிந்தவரை நமக்குத் தெரியாது.

2019 ஆகஸ்ட் 5 அன்று காஷ்மீரில் தரைவழித் தொலைபேசி, கைபேசி, இணையம் எல்லாம் ஒரே வீச்சில் நிறுத்தப்பட்டன. ஸ்ரீநகரில் மாவட்ட நிர்வாக அலுவலகத்தில் வைத்த தொலைபேசியில் ஓரிரு நிமிஷம் பேச மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். அக்டோபர் 14 வரை கைபேசிகள் ஊமையாகவே இருந்தன. எல்லா நட்சத்திரங்களும் கையிலிருந்தன, ஒன்றும் விளிக்கவில்லை. டிரங்கால் காலத்து வரிசையும், நடுவில் நிற்கும் ஆளும் ஒரே நாளில் திரும்பி வந்தார்கள். இம்முறை நடுவில் நின்றது அரசு.

இதிலிருந்து கைபேசியைத் தூக்கி எறியுங்கள் என்று முடிவுகட்டத் தேவையில்லை. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவின் 2, 3, 4 நமக்கு எதிராகச் சாட்சி சொல்லும். பட்டியல் போடுவோம், அம்மாவுக்கும் போட்டுக்கொடுப்போம், போட்டுக்கொள்ள அவளுக்கே கற்றும் கொடுப்போம். கூடவே நாலைந்து எண்களை மனசிலோ ஒரு துண்டுத் தாளிலோ வைத்திருப்பது நல்லது. போராட்டத்துக்குப் போகிறவர்கள் வழக்குரைஞரின் எண்ணைக் கையில் பேனாவால் எழுதிக்கொள்வது உலகம் முழுக்க உள்ள வழக்கம். கருவியைப் பிடுங்கிக்கொண்ட பிறகும் கூப்பிட ஓர் ஆள் இருக்க வேண்டும் என்ற அனுபவம் அது. மற்றபடி, நட்சத்திரம் போடும்போது, யாருக்குப் போடுகிறோம் என்பதோடு, யார் நம்மை எந்த நேரத்தில் கூப்பிட வேண்டியிருக்கும் என்பதையும் யோசித்துப் போடலாம். இலக்கணம் விளி கொள்ளாப் பெயர்களையும் சேர்த்துத்தான் சொன்னது. நம் பட்டியல்கள் அவற்றைச் சொல்வதில்லை.